மூன்று சக்கர வண்டி, இல. 117

1976 நவம்பர் 3, புதன்

என் வண்டியைத் திருடிவிட்டார்கள். பூட்டை உடைத்து அல்ல, பெயிண்ட் அடித்து.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

ஞாயிறு பிற்பகல் கடும் மழை. பதுளைச் சந்தையிலிருந்து வரும் வழியில் பிரேக் நனைந்து பிடிக்கவில்லை. எங்கள் வரிசை வீடுகள் உள்ள லயத்துக்கு இறங்கும் பாதை முழுக்கச் சேறு. வண்டியைத் தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரின் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு, மனைவி செல்லாயியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஒன்பது வருடத்தில் வண்டி ஸ்டோர் கூரைக்குக் கீழ் நின்றது அந்த ஓர் இரவுதான்.

திங்கள் காலை கணக்கெடுக்க வந்துவிட்டார்கள். தோட்டம் கம்பெனியிடமிருந்து அரசாங்கத்துக்குக் கைமாறியதால் உள்ள சாமான் எல்லாவற்றுக்கும் இலக்கம் போட வேண்டுமாம். உருட்டும் மெஷின், தராசு, கதிரை, ஏணி. கூரைக்குக் கீழ் இருந்தது எல்லாம் தோட்டச் சொத்து. பெரிய கிளாக்கர் கையில் புத்தகம். பெயிண்டர் ராசு கையில் பிரஷ். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்ரோல் டாங்கியில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. இல. 117. முந்திய 116 ஓர் ஏணி. பிந்திய 118 தீ அணைக்கும் மணல் வாளி.

பின் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அந்தப் பூட்டு எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் அந்த ஸ்டோரில் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒரு கம்பி இருந்தால் அரை நிமிடத்தில் திறப்பேன். திறக்க மாட்டேன். திறந்தால் திருடன் நான் ஆவேன்.

ஸ்டோர் கதவில் நோட்டீஸ்: கணக்கில் ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம், 16ஆம் தேதி விசாரணை.

எழுதிக் கொடுத்தேன். முதல் ஆட்சேபம் என்னுடையது. வேறு ஆட்சேபம் இல்லை. ஏணி ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

உப்பு முடிந்தது. மண்ணெண்ணெய் அரைப் போத்தல்.

நவம்பர் 4, வியாழன்

காலையில் பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

செ.க்குக் கட்டு மாற்றும் நாள். சர்க்கரைப் புண், இடது பாதம். திங்களும் வியாழனும் பதுளை ஆஸ்பத்திரி. இந்தத் திங்கள் போக முடியவில்லை, வண்டி சங்கிலியில். துணி புண்ணோடு ஒட்டிவிட்டது.

இன்று தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சந்தி வரை, அங்கிருந்து பஸ். லொறியில் ஏற்ற இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "கொழுந்தோட கொழுந்தா என்னையும் தராசுல போட்டுறப் போறாங்க, பார்த்துக்குங்க" என்கிறாள். தூக்கியவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஒருவன் பெட்டியால் அந்தக் காலில் இடித்தான். அப்போது அவளும் சிரிக்கவில்லை.

கட்டுப் போடும் மிஸ்ஸி ஏசினார். என்னைத்தான் ஏசினார்.

பி.ப. 3 மணிக்குத் தோட்ட ஆபீஸ். கிளாக்கர் மேசையில் என் வண்டிப் புத்தகத்தை வைத்தேன். பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

"மெக்கானிக்கு, இதுல மோட்டார் சைக்கிள்னு இருக்கு. சக்கரம் ரெண்டுன்னு இருக்கு. ஸ்டோர்ல நிக்கிறது மூணு சக்கரம்."

"அந்த சைக்கிளோட முன்பாதியை வச்சுத்தானே கட்டினேன். மூணு சக்கரத்துக்குத் தாள்ல கட்டம் இல்ல, இந்தப் புத்தகத்தையே வச்சுக்கன்னு பதிவு ஆபீஸ்ல சொன்னாங்க."

"அப்ப உங்க ரெண்டு சக்கரத்தை எங்க வச்சிருக்கீங்களோ அதை எடுத்துக்குங்க. நான் குறுக்க நிக்கல. இது கம்பெனி தபால் எடுக்க வாங்குன வண்டி. நீங்க ஓட்டுனீங்க. ஓட்டுனவன்லாம் சொந்தக்காரனா?"

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் தோட்டத் தபாலையும் எடுத்து வருவேன். கேட்டார்கள், செய்தேன். உபகாரம் செய்ததற்கு இது.

"கம்பெனி வாங்குனதுக்குப் பில்லைக் காட்டுங்க" என்றேன்.

"பழைய காகிதமெல்லாம் கம்பெனி எடுத்துக்கிட்டுப் போயிருச்சு." பேனாவை மூடினார். "அது கிடக்கட்டும். நீங்க இந்தியாவுக்கே திரும்பிப் போக மனுப் போட்டிருக்கீங்களோ என்னமோ. போறப்ப இதக் கப்பல்லயா ஏத்துவீங்க?"

"போறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. போகிறவனுக்கு வண்டி எதற்கு, லயத்தில் குடியிருக்கக் காம்பரா எதற்கு, மனைவிக்குக் கால் எதற்கு என்று கேட்கிறார். நான் போகவில்லை. எழுதி வைக்கிறேன்: போகவில்லை.

நவம்பர் 5, வெள்ளி

தூறல். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கும் முன்பே எழுந்துவிட்டேன்.

விசாரணையில் சொல்ல, பாகம் பாகமாக:

முன் சக்கரம், ஃபோர்க், ஹேண்டில், டாங்கி. பூனாகலைப் பக்கம் ஒரு சின்னத் துரை ஓட்டிய மோட்டார் சைக்கிள். பள்ளத்தில் விழுந்து பின்பாதி நசுங்கியது. துரை பிழைத்தார். புத்தகத்தோடு வாங்கினேன்.

என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு, பின் சக்கரம் இரண்டு. எல்லாம் ஒரே சின்னக் கார். பதுளை காதர் நானாவின் பழைய இரும்புக் கடை. அவருடைய நெல் குத்தும் என்ஜினை இரண்டு மாதம் ஞாயிறுதோறும் போய்ச் சரிசெய்து கொடுத்தேன், அதற்குப் பதிலாக. பில் இல்லை.

என்ஜினையும் அச்சையும் இணைக்கும் தண்டு. நீளம் கூட. பத்து அங்குலம் வெட்டி ஒட்டியது. என் கை.

பின் இருக்கை. அதே காரின் சீட். எலி கடித்த இடத்தைச் செ. தைத்தாள். என் முதுகுக்கு முதுகாகப் பின்னால் பார்த்தபடி வைத்தேன், எடை சரியாக விழ வேண்டும் என்று.

கூடாரம். கொழுந்து வாட்டும் தட்டுச் சாக்கு, கழித்துப் போட்டது. இது ஸ்டோர்ச் சாக்குத்தான். இதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு வருட வேலை. மூன்றாம் லயத்துக்குப் பின்னால், திறந்த வெளியில். யாரும் சொல்லித் தரவில்லை. அட்டை இல்லாத ஓர் இங்கிலீஷ் புத்தகம். நான் ஐந்தாம் வகுப்பு. என்ஜின் தகடுகளில் உள்ள எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் இங்கிலீஷ் படித்தேன். டிஃபரென்ஷியல் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று.

கட்டியதைப் பார்த்தவர்கள் லயத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். ஆனால் வண்டி என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதற்கு என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 6, சனி

போயா, பௌர்ணமி விடுமுறை. ஆபீஸ் மூடல். மழை. ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டோர்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். டாங்கிக்கு மேல் யாரோ ஈரச் சாக்குக் காயப் போட்டிருக்கிறார்கள். எடுத்து மணல் வாளி மேல் போட்டேன்.

நவம்பர் 7, ஞாயிறு

பஸ்ஸில் பதுளை. காதர் நானா கடை. பிளேன் டீ வந்தது.

"பில்லா? மருதமுத்து, ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல எப்பவாச்சும் பில் இரிந்திச்சா?"

இல்லை. அதுதான் வினை.

"சாமான் நான்தான் தந்தேன்னு எங்கயும் வந்து சொல்லுவேன். ஆனா ஒங்கட கம்பெனியும் என்கிட்ட இரும்பு வாங்கின. எது ஒங்களுக்கு, எது கம்பெனிக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

நேர்மையான மனிதர். அதனால் பிரயோசனம் இல்லை.

எழுந்தபோது கேட்டார்: "இது அந்தப் பின்னால போன வண்டிதானே? அதச் சொன்னாப் போதுமே. கம்பெனி வாங்கின வண்டி பின்னாலயா போகும்?"

"அப்படி ஒன்னும் நடக்கல, நானா."

"நடக்கல்லயா?" டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "சிரிச்ச சத்தம் பதுளை வரைக்கும் கேட்டிச்சே."

ஆணி வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 8, திங்கள்

மழை விட்டது. நமுனுகுல உச்சி தெரிந்தது.

லொறி வரவில்லை. செ.யைக் கதிரையில் உட்கார வைத்து இரண்டு பேர் சந்தி வரை தூக்கினார்கள். டாக்டர் பார்த்தார். சின்ன விரல் கறுக்கிறது. கட்டு ஒரு தடவையும் தவறக் கூடாது, அடிபடக் கூடாது, நடக்கக் கூடாது. தவறினால் விரலை எடுக்க வேண்டி வரும், பிறகு விரலோடு நிற்காது என்றார். திரும்பும் பஸ்ஸில் அவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பேசினாள்.

"ஏங்க, அந்தக் கதையச் சொல்லிருங்க."

"எந்தக் கதை?"

"என் வாயால வேற கேக்கணுமா? பின்சீட்டுல இருந்தவ நான்."

"ரிவர்ஸ் கியர் சோதிச்சேன். அவ்வளவுதான்."

"ஆமா. ரிவர்ஸ் சோதிக்கத்தான் தேங்காய் உடைச்சு, கற்பூரம் காட்டி, ஊரையே கூப்பிட்டீங்க. என் காலு போகுது, உங்களுக்கு அந்த ரிவர்ஸ்தான் பெருசு."

வெளியே வந்து விறகு பிளந்தேன். தேவைக்கு மேல் பிளந்துவிட்டேன்.

சரி. இது என் புத்தகம். யாரும் வாசிக்கப் போவதில்லை. எழுதுகிறேன்.

பின் அச்சைக் காதர் நானாவின் ஆட்கள் கழற்றும்போது ஸ்பிரிங் பிடிகளை வெட்டிவிட்டார்கள். வெறும் அச்சு வந்தது. எது மேல், எது கீழ் என்று காட்டும் படம் என் புத்தகத்தில் கிழிந்துபோன பக்கத்தில் இருந்தது. நான் தலைகீழாக மாட்டினேன். புதுப் பிடிகளை ஒட்டினேன். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். டயரின் அடி முன்னால் போனது. முன்னால் போகிறது என்று சந்தோஷமாக எழுந்தேன். டயரின் அடி முன்னால் போனால் வண்டி பின்னால் போகும். படுத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு அது தோன்றாது. நிற்கிறவனுக்குத் தோன்றியிருக்கும்.

ஆக, என் வண்டிக்குப் பின்னால் போக நான்கு கியர், முன்னால் போக ஒன்று. முதல் நாள், லயம் முழுக்கக் கூடி நிற்க, செ. புதுச் சேலையில் பின்சீட்டில் இருக்க, முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். எங்கள் லயத்து மூக்காயியின் பீர்க்கம் பந்தலுக்குள் போய் நின்றோம். எவ்வளவு தூரம் என்பது இங்கே தேவையில்லை.

ஆறாம் நாள் அச்சைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அதைப் பற்றி எவனும் பாட்டுக் கட்டவில்லை.

நவம்பர் 10, புதன்

வெயில். மிளகாய் காய வைத்தோம்.

ராசுவைக் கோயில் அடியில் பிடித்தேன். பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், என்னைக் கண்டால் இன்னும் எழுந்து நிற்பான்.

"அண்ணே, நம்பர் போடச் சொன்னாங்க, போட்டேன். போடலேன்னா என் பேரை வெட்டிருவாங்க."

"அது கிடக்கட்டும். பதினாறாம் தேதி வந்து, இவரு இந்த வண்டியைக் கட்டினதைப் பார்த்தேன்னு சொல்லு."

"நான் பார்த்தது பின்னால போனதத்தான் அண்ணே. அது நடக்கலேன்னு கற்பூரம் அணைச்சிருக்கேனே. நீங்கதானே அணைக்க வச்சீங்க."

உண்மை. இதையும் எழுதுகிறேன். அந்த வருடம் மாசிமாதக் காமன் கூத்தில் ராசு கோமாளி வேஷம் கட்டி ஒரு பாட்டுப் பாடினான்:

முன்னால போகத்தான் முறுக்கினாரு மெக்கானிக்கு
பத்தடி பின்னால பந்தலுக்குள் போய்ச் சேர்ந்தாரு

மறுநாளே நான் கோயிலில் கூட்டம் வைத்தேன். கொழுந்துக்காரப் பெண்கள் மலையில் நின்று அதைப் பாடினால் நான் எப்படி ஸ்டோரில் நிற்பது? பாடியது பொய் என்று ராசு மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். கூடியிருந்த அத்தனை பேரும் அதற்குச் சாட்சி. அன்றோடு லயத்தில் யாரும் அதைப் பேசியது இல்லை. நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

"அந்த வருசமே என் மூத்தவனுக்கு அம்மை போட்டுச்சு. பொய்ச் சத்தியந்தான் காரணம்னு என் சம்சாரம் இன்னைக்கும் சொல்றா. இப்ப இன்னொரு தடவ மாத்திச் சொல்லவா? நான் மாட்டேண்ணே. வண்டிக்கு வேணும்னா துடைக்க வர்றேன், சாட்சிக்கு வர மாட்டேன்."

மூக்காயியிடம் கேட்டேன். ஆறாவது காம்பராவில் கேட்டேன். ஒன்பதாவதில் கேட்டேன். எல்லாரிடமும் ஒரே பதில்: கோயிலில் நின்றோமே.

நாற்பது சாட்சியின் வாயையும் நானே பூட்டியிருக்கிறேன். நல்ல பூட்டு. மெக்கானிக் போட்டது அல்லவா.

நவம்பர் 11, வியாழன்

கட்டு. கதிரை, பஸ். விரல் அப்படியே. மிஸ்ஸி இன்று ஏசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வரும் வழியில் பூசாரியைப் பார்த்துக் கேட்டேன், ஒரு சத்தியத்தை எப்படி அவிழ்ப்பது என்று. "செஞ்சவன் அவிழ்க்க ஏலாது. செய்ய வச்சவந்தான் அவிழ்க்கணும். அதே இடத்துல, அதே ஆளுங்களுக்கு முன்னால."

"வேற வழி?"

"பஸ்ஸுதான்."

பூசாரிக்கும் அந்தப் பாட்டு மறக்கவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 12, வெள்ளி

பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன். அம்மன் முன்னால் கற்பூரம். ஆட்கள் வழக்கத்தைவிட அதிகம். செ. கதிரையில் வந்திருந்தாள். யார் சொல்லி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சொன்னது இவ்வளவுதான்: "ராசு அன்னைக்குப் பாடினது மெய். வண்டி பின்னாலதான் போச்சு. தப்பா மாட்டினவன் நான். அவனைப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சவனும் நான். பழி எனக்கு. அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் இல்ல." கற்பூரத்தைக் கையால் அணைத்தேன்.

பிறகு மூக்காயி: "இதச் சொல்ல ஒன்பது வருசமா, மருதமுத்து?"

"வண்டி கட்டவே ரெண்டு வருசம் ஆச்சு. இது அதவிடப் பெரிய வேலை."

அப்போதுதான் சிரித்தார்கள். ராசுவின் மனைவி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

"தப்பா மாட்டினது ஒருத்தன்னா, ஆறு நாள்ல திருப்பி மாட்டினதும் அதே ஒருத்தன். அதையும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றும் சொன்னேன். அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

உள்ளங்கையில் கொப்புளம். பேனா பிடிக்க முடிகிறது.

நவம்பர் 13, சனி

மூக்காயி வந்தாள். சாட்சி சொல்ல வருகிறாளாம். அதற்கு முன் ஒரு நியாயம்: அன்று பந்தலில் எட்டுப் பீர்க்கங்காய் இருந்தன.

"பந்தலை மறுநாளே கட்டித் தந்தேன்ல?"

"பந்தலையா குழம்பு வைப்பாங்க?"

ஒன்பது வருடம் வாய் திறக்காமல் இருந்ததற்கு எட்டுக் காய் அதிகம் இல்லை. ஒத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, திங்கள்

கட்டு. இன்று கதிரையின் ஒரு பக்கம் தூக்கியது ராசு. செ. அவனிடம், "வழுக்குது, பார்த்து நடப்பா. பின்னால போயிராத" என்றாள்.

நவம்பர் 16, செவ்வாய்

காலை வெயில். விசாரணை ஸ்டோர் வாசலில். கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி, அவரோடு ஓர் என்ஜினியர். இருவரும் சிங்களவர். நமக்குச் சிங்களம் விளங்கும், பேசவும் வரும், கோபம் வந்தால் நன்றாக வரும்.

கிளாக்கர் முதலில் பேசினார். கம்பெனி வாங்கியது, தபால் வண்டி, ஓட்டியவர் மெக்கானிக், புத்தகத்தில் இரண்டு சக்கரம். ஒழுங்காகப் பேசினார். கேட்டால் எனக்கே நம்பிக்கை வரும் போலிருந்தது.

காதர் நானா வந்தார். சாமான் தந்தேன் என்றார், பில் இல்லை என்றார், உட்கார்ந்தார்.

என்ஜினியர் வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தார். தண்டில் நான் ஒட்டிய இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம்: நீங்கள்தான் கட்டினீர்கள் என்றால், ஓட்டினவனுக்கும் பழுது பார்த்தவனுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்.

இதற்காகத்தான் கொப்புளம்.

சொன்னேன்: "பின் அச்சுக்கு அடியில் எண்ணெய் அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டி வெட்டிய தழும்பு இருக்கும். ஸ்பிரிங் பிடி இப்போது மேலே. முதலில் அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் இருந்தது. அச்சைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். வண்டி பின்னால் போனது."

சாக்கை விரித்துப் படுத்தார். மல்லாந்து. பேனாக் கத்தியால் சுரண்டும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வெகுநேரம். எழுந்தபோது சட்டை முழுக்கக் கரி. கிளாக்கரைப் பார்த்துக் கேட்டார்: "கம்பெனி காசு கொடுத்து, பின்னால் போகிற வண்டியையா வாங்கியது?"

"மெக்கானிக் பழுது பார்த்தப்ப..." என்று தொடங்கினார் கிளாக்கர்.

அதிகாரி சாட்சி கேட்டார். மூக்காயி பீர்க்கங்காய்க் கணக்கிலிருந்து ஆரம்பித்தாள். செ. கதிரையில் இருந்தபடியே: "அவரு முன்னால பார்த்துக்கிட்டிருந்தாரு. நான் பின்னால பார்த்துக்கிட்டிருந்தேன். பந்தல் வர்றது எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுச்சு. நிறுத்துங்கன்னு கத்தினேன். நல்லாப் போகுதான்னு கேட்டாரு."

இதை அவள் ஒன்பது வருடத்தில் என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் அப்படிக் கேட்டிருக்கிறேனா? கேட்டிருப்பேன்.

கடைசியில் ராசு. பேச்சு வரவில்லை அவனுக்கு. கையைக் கட்டிக்கொண்டு பாட்டாகவே பாடிவிட்டான். காதர் நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். என்ஜினியர் சிரித்தார், அதிகாரி சிரித்தார், கொழுந்து கொண்டுவந்த பெண்கள் கூடையோடு நின்று சிரித்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருடம் அடக்கி வைத்த சிரிப்பு. வரட்டும். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். எழுதினார், அதுதான் வேண்டும்.

போகும்போது என்ஜினியர் கேட்டார், தவறைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று.

"கண்டுபிடிக்க அரை நாள். ஒத்துக்கொள்ள ஒன்றரை நாள். வேலை நாலு நாள்."

ஒத்துக்கொண்டது எனக்குள். வெளியே ஒத்துக்கொண்ட கணக்கை அவர் கேட்கவில்லை.

நவம்பர் 17, புதன்

கடிதம் வந்துவிட்டது. பொருள் இல. 117ஐக் கணக்கிலிருந்து நீக்கவும், உரியவரிடம் ஒப்படைக்கவும். மூன்று தடவை வாசித்தேன். உரியவர் என்று இருக்கிறது.

கிளாக்கர் அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் அந்த வரியைக் கோடிட்டார். சங்கிலியைக் கழற்றினார். "அந்த நம்பரைத் துடைச்சுட்டு எடுத்துட்டுப் போங்க."

"நான் எழுதல."

"அதுக்கு?"

"எழுதினவங்க துடைக்கணும்."

"ராசுகிட்டச் சொல்றேன்."

"ராசு பிரஷ் பிடிச்சான். எழுதினது நீங்க."

மேசைக்குத் திரும்பிவிட்டார். நானும் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 18, வியாழன்

மழை இல்லை. கைப்பிடியைச் சுற்றினேன், மூன்றாவது சுற்றில் பிடித்தது. பதினேழு நாள் சும்மா நின்ற என்ஜின்.

செ.யை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி. விரல் கறுப்பு பரவவில்லை. குறையவும் இல்லை. திங்கள் பார்த்துச் சொல்வார்களாம்.

பதுளைச் சந்தியில் பொலிஸ்காரர் டாங்கி இலக்கத்தைப் பார்த்து, அரசாங்க வண்டி என்று வழி விட்டார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் விட்டதில்லை. செ. பின்னாலிருந்து, "அழிக்காதீங்க, இருக்கட்டும்" என்கிறாள். இருக்கக் கூடாது.

திரும்பி வந்து வண்டியை ஸ்டோர் வாசலில், மழைக்கும் வெயிலுக்கும் திறந்த இடத்தில், கிளாக்கர் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். கூரைக்கு வெளியே. அளந்து நிறுத்தினேன். இலக்கம் அவர் பக்கம் பார்த்து இருக்கிறது. ஆஸ்பத்திரி நாட்களில் எடுப்பேன், திரும்ப அங்கேயே விடுவேன், துடைக்கும் வரை.

செய்ய வேண்டியவை:

பெரிய கிளாக்கர்: 117ஐச் சொந்தக் கையால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் நான் தருகிறேன். துணி அவர் கொண்டுவரட்டும்.

பதிவு ஆபீஸ்: தாளில் மூன்று சக்கரத்துக்கு ஒரு கட்டம் போட வேண்டும். இதுபற்றிப் பெட்டிசம் எழுதுவது நான். இந்த ஞாயிறே.

காதர் நானா: பில். ஒன்பது வருடம் பிந்தினாலும் பில்.

செ.: திங்கள் மு.ப. 6.30க்கு ஏறி உட்கார வேண்டும். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. சீட்டை முன்பக்கம் திருப்பச் சொல்கிறாள். யோசிப்பது நான்.

மூக்காயிக்கு எட்டுப் பீர்க்கங்காய்: நான். சந்தையில் இப்போது முற்றல்தான் வருகிறது. பிஞ்சாகப் பார்த்து.

பிரேக்குக்கு மழைநீர் புகாத தகர மூடி: நான். எந்த மழைக்கும் அந்தக் கூரைக்குக் கீழ் நிறுத்தக் கூடாது.

ராசுவின் மனைவியிடம் போய் ஒரு வார்த்தை: நான். தள்ளிப்போடக் கூடாது.

ராசு: வருகிற மாசியில் காமன் கூத்தில் அந்தப் பாட்டைப் பாட வேண்டும், கோமாளி வேஷத்தோடு. ஆனால் இரண்டாம் வரியைத் திருத்த வேண்டும். பத்தடி அல்ல. பதினெட்டு அடி. அன்றைக்கே அளந்தேன்.